மூன்று கோடுகள்

வால்ட்டர் ஷூஹார்ட் 1891-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலே பிறந்தார். பௌதிகம் பயின்று 1917-இல் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்திலே டாக்டர் பட்டம் பெற்றார். மறு ஆண்டு அவர் வேலைக்குச் சேர்ந்ததோ டெலிபோன் சாதனங்கள் செய்யும் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியில்!

அங்கே சரக்கு முழுவதும் செய்து முடிந்த பின்னரே சோதித்துப் பழுதைக் கழிப்பார்கள். அளவு சற்றுப் பிசகினாலும் இயந்திரத்தைத் திருத்தப் போய்ப் பிசகு பெருகியதே மிச்சம். 1924 மே 16 அன்று ஷூஹார்ட் மேலதிகாரிக்கு ஒரே பக்கக் குறிப்பொன்று அனுப்பினார். அதிலே ஒரு வரைபடம். நடுவே சராசரிக் கோடு. மேலும் கீழும் எல்லைக் கோடுகள். வேலை நடக்கும்போதே சில உருப்படிகளை எடுத்து அளந்து புள்ளி வைத்துக்கொண்டே வரவேண்டும். புள்ளிகள் எல்லைக்குள் ஒழுங்கின்றிச் சிதறினால் அது தற்செயலான ஏற்றத்தாழ்வு. இயந்திரத்தைத் தொடலாகாது, தொழிலாளியைக் கடிவதும் வீண். எல்லை தாண்டினால் உடனே காரணத்தைத் தேடவேண்டும். சோதனைச் சாலையிலே அளவைப் பிழைகளோடு மல்லாடும் நமக்கு இது புதிதன்று. ஆலையிலே சொல்லத்தான் ஒருவர் வேண்டியிருந்தது.

1925 முதல் 1956 வரை பெல் ஆய்வுக்கூடத்திலே பணியாற்றினார். 1931-இல் இத்துறையின் முதல் நூலை வெளியிட்டார். மகாலனோபிஸ் அழைக்க, 1947-48-இல் இந்தியா வந்து நம் ஆலைகளுக்கும் இம்முறையை எடுத்துரைத்தார். 1967-இல் மறைந்தார். இன்று ஆலைகளில் புள்ளி வைப்பது கணிப்பொறி, கோடுகள் அவருடையவையே.