பியர்சனை எதிர்த்த ஃபிஷர்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பெரியவர் சொன்னால் மறுபேச்சில்லை என்று வளர்ந்த எனக்கு ரொனால்டு ஃபிஷரின் வாழ்க்கை வியப்பளித்தது.

1890-இல் இலண்டனில் பிறந்தார். பார்வை மிக மங்கல். மனத்திலேயே கணக்குப் போடப் பழகினார். 1919-இல் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். அந்நாளில் புள்ளியியலின் முடிசூடா மன்னர் கார்ல் பியர்சன். 1900-இல் கை வர்க்கச் சோதனையை வகுத்தவர்.

இரு கூறுகளில் 100-க்கு 30, 50-க்கு 24 என்று வெற்றி கிடைத்ததாகக் கொள்வோம். இரு விகிதமும் ஒன்றே என்பது இல் எடுகோளானால், அந்த ஒன்றை 150-க்கு 54, அதாவது 0.36 என்று சேர்த்தே மதிப்பிட வேண்டும். (வேறுபாடு எவ்வளவு என்று நம்பிக்கை இடைவெளி காணும்போது சேர்க்கக் கூடாது, அங்கே இரண்டும் சமம் என்று யார் சொன்னது?)

இந்த நான்கு கட்ட அட்டவணையில் மொத்தத்துக்காக ஒன்றைக் கழித்து, தடையின்றி மாறுபவை 3 என்றார் பியர்சன். கூறுகளின் அளவும் சேர்த்த விகிதமும் தரவாலேயே கட்டுண்டவை; ஆகவே 1 மட்டுமே என்று 1922-இல் ஃபிஷர் எழுதினார். பியர்சன் சீறினார். ஃபிஷர் ராயல் புள்ளியியல் சங்கத்தைவிட்டே விலகினார்.

1926-இல் ஏறத்தாழ 12,000 அட்டவணைகளின் கை வர்க்கச் சராசரியை ஃபிஷர் கணக்கிட்டுக் காட்டினார். விடை 3 அன்று, ஏறக்குறைய 1. அந்த அட்டவணைகளைத் தந்தவர் பியர்சனின் மகன் ஈகான்!