தெளிவான குரலுக்கு வழி கண்டவர்

காது மந்தமான ஒருவர், நெடுந்தொலைவிலிருந்து வரும் குரல் தெளிவாகக் கேட்க வழி கண்டார் என்றால் வியப்பாக இல்லையா? அவர்தான் ஆலிவர் ஹெவிசைடு.

1850-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் லண்டன் மாநகரின் கேம்டன் டவுன் பகுதியில், வறுமையில் உழன்ற குடும்பத்தில் பிறந்தார். தந்தை மரத்தில் படம் செதுக்கும் தொழிலாளி. இளமையில் கண்ட ஸ்கார்லெட் காய்ச்சல் ஹெவிசைடின் செவித்திறனைக் குறைத்தது. பதினாறு வயதோடு பள்ளிப் படிப்பும் நின்றது. கல்லூரியில் அவர் பயின்றதே இல்லை. (எங்கள் குடும்பத்திலும் எனக்கு முன் எவரும் பயின்றதில்லை. ஆகவே இவ்வரியை எழுதும்போது என் பேனா சற்று நின்றது.)

நம் ஆய்வகத்துச் சமனச்சுற்றுக்குப் பெயர் தந்த வீட்ஸ்டன், இவருடைய தாயாரின் சகோதரியை மணந்தவர். அவர் துணையால் தந்தி வேலை கிடைத்தது. நியூகாசில் நகரிலிருந்து டென்மார்க் செல்லும் கடலடி வடத்தில் செய்தி அனுப்புவதோடு, கரையில் இருந்தபடியே மின்தடையை அளந்து பழுது எங்கே என்று கணக்கிடுவதும் அவருடைய பணி. ஒரு திசையில் செய்தி விரைவாகவும் எதிர்த்திசையில் மெதுவாகவும் செல்வதைக் கவனித்தார். ஏன் என்ற கேள்வி அவரை விடவில்லை. 1874-இல் வேலையைத் துறந்தார். பெற்றோர் வீட்டு அறைக்குள் அமர்ந்து மாக்ஸ்வெல்லின் பெருநூலைத் தாமே கற்றார்.

1887-இல் விடை கண்டார். நீண்ட கம்பியில் குரல் மெலிவது மட்டுமன்று. அதிலுள்ள உயர் அதிர்வெண் அலைகளும் தாழ் அதிர்வெண் அலைகளும் வெவ்வேறு வேகத்தில் சென்று, வெவ்வேறு அளவில் தேய்கின்றன. ஆகவே உரக்கக் கேட்டாலும் சொல் புரிவதில்லை. தன்மின்தூண்டலுக்கும் மின்தடைக்கும் உள்ள விகிதம், மின்தேக்குதிறனுக்கும் கசிவுக்கும் உள்ள விகிதத்துக்குச் சமமானால் எல்லா அலைகளும் ஒன்றாக வந்து சேரும். எனவே கம்பியில் தன்மின்தூண்டலைக் கூட்டுக என்றார்.

2020-இல் ஊரடங்கின்போது கைப்பேசியில் பாடம் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அலைக்குறி முழுதாக இருக்கும். ஆசிரியர் குரலோ துண்டு துண்டாக வரும். வலிமை வேறு, தெளிவு வேறு. இன்றைய காணொலிக் கூட்டங்களிலும் ஒவ்வொருவரின் இணைப்பிலும் தரவுப் பொட்டலங்கள் எத்தனை தொலைந்தன, எவ்வளவு தாமதித்தன, சீராக வந்தனவா என்றே கணினி அளக்கிறது.

அஞ்சல் துறையின் மின்பொறியாளர் பிரீஸ், தன்மின்தூண்டலைக் குரலின் பகை என்று நம்பியவர். ஹெவிசைடின் அண்ணன் ஆர்தர் அதே துறையில் பணியாற்றினார். சகோதரர் இருவரும் எழுதிய கட்டுரையை வெளியிடப் பிரீஸ் இசையவில்லை. பின்னர் 1900-இல் அமெரிக்காவில் பூப்பின் என்பவர், கம்பியில் இடையிடையே சுருள் வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றுச் செல்வரானார். ஹெவிசைடுக்கு அதில் ஒரு காசும் இல்லை.

பெருமைகள் வராமலில்லை. 1891-இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1905-இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. ஆனால் வறுமையும் தனிமையும் நீங்கவில்லை. 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் டார்க்கே நகரில் காலமானார். அப்போது அமெரிக்காவின் நெடுந்தொலைவுக் கம்பிகளில் அந்தச் சுருள்கள் ஏறத்தாழக் கால் நூற்றாண்டாக வேலை செய்துகொண்டிருந்தன.