வீட்டாரை வினவி வீடு சமைத்தவர்

இலக்கணம் படிப்பிக்கும் பண்டிதருக்குக் கட்டடக் கலையில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். யான் வீடு கட்டப் புகுந்தபோது, படம் வரைந்து தந்தவர் எங்கள் குடும்பத்தில் எத்தனை பேர் என்றுதானும் கேட்டாரல்லர். அடுக்களைப் புகை இன்றும் சுவாமியறையுள் நுழைகின்றது. அவ்வருத்தமே மினெட் டி சில்வா அம்மையாரின் வரலாற்றை என்னை நாடச் செய்தது.

அம்மையார் 1918 இல் கண்டியிற் பிறந்தவர். தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா அரசியலிற் பெயர் பெற்றவர். தாயார் அக்னஸ் இலங்கைப் பெண்களின் வாக்குரிமைக்கு உழைத்தவர். பம்பாயிலும் பின்னர் இலண்டனிலும் பயின்ற அம்மையார், 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரானார். அத்தகுதியை எய்திய முதல் ஆசியப் பெண்மணி அவரே.

தாயகம் மீண்டு, பெற்றோரின் நண்பர்களுக்காகக் கண்டி மலைச்சரிவில் அவர் அமைத்த கருணாரத்ன இல்லம் 1951 இல் நிறைவுற்றது. சரிவின் போக்குக்கு இசையத் தளங்களை ஏற்றியிறக்கி, கொங்கிறீற்றோடு தும்பறைப் பாய் நெசவையும் சுடுமண் ஓட்டையும் சேர்த்தார். பெண்ணொருத்தி வரைந்த வீடு நிற்குமா என்று அக்காலத்தார் ஐயுற்றனர். ஒப்பந்தகாரரும் அதிகாரிகளும் தம்மை நம்பத் தயங்கியதை அவரே பின்னாளில் எழுதி வைத்தார்.

ஆயினும் என் நெஞ்சைக் கவர்ந்தது 1950களில் அவர் மேற்கொண்ட வட்டபுலுவ வீடமைப்புத் திட்டமே. அரசாங்க ஊழியர் குடும்பங்கள் இருநூற்றுக்கு மேற்பட்டவை. இனமும் மதமும் வெவ்வேறு. ஒரே அச்சில் வார்த்த வீடுகளை அடுக்கிவிடுதல் எளிது. அம்மையாரோ வினாக்கொத்து வழங்கியும் கூட்டங்கள் கூட்டியும், குடியிருக்கப் போகின்றவரின் வழக்கமும் தேவையும் வருவாயும் யாவையென முன்னரே கேட்டறிந்தார். அவ்விடைகளைக் கொண்டே பல வகை வீடுகளுக்குப் படம் வரைந்தார். ஒருவருக்கு வீடு கட்டும்போதே கேளாதார் மலிந்த உலகில், இத்தனை பேரைக் கேட்டல் எத்துணைப் பொறுமை!

அவ்வளவு பேரைச் செவிமடுத்தவரை நாடு நெடுங்காலம் செவிமடுக்கவில்லை. இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் தங்கப் பதக்கம் 1996 இல், எழுபத்தெட்டு வயதில் வந்தது. 1998 நவம்பரில் வறுமையிலும் தனிமையிலும் கண்டியில் மறைந்தார். அவர் வாழ்வையும் பணியையும் கூறும் நூல் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே.

எங்கள் அடுக்களையை மாற்றிக் கட்ட எண்ணியுள்ளேன். முன்னர் யானும் இல்லாளை ஒரு வார்த்தை கேட்டிலேன். இம்முறை அவரைக் கேட்ட பின்னரே மேசனை அழைப்பேன்.