மானிப்பாயில் மலர்ந்த மருத்துவத் தமிழ்

1822ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தின் வரலாற்றிலே மறக்கொணாத ஆண்டாகும். அவ்வாண்டு டிசெம்பர் 18ஆம் நாள் நல்லூரிலே ஆறுமுக நாவலர் தோன்றினார். அதற்கு இரண்டு திங்களுக்கு முன்னர், ஒக்டோபர் 10ஆம் நாள், அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் என்னும் ஊரிலே பிறிதொரு குழந்தை பிறந்தது. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அதன் பெயர். ஒருவர் சைவத்தைக் காத்தற்குத் தமிழ் வசனத்தைப் படைக்கலமாக்கினார். மற்றவர் கிறிஸ்துவின் பணிக்குத் தமிழ் வசனத்தை மருந்தாக்கினார். சமயத்தால் எதிர்த்திசையில் நின்ற அவ்விருவரும் மொழியால் ஒரே வயலை உழுதவர்கள். நாவலரை அறியாத தமிழர் இலர். கிறீன் வைத்தியரை அறிந்தோரோ இன்று மிகச் சிலரே.

அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து பணி தொடங்கினர். 1819இல் வந்த யோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலே வைத்தியமும் வேதமும் ஒருங்கே வழங்கினார். அவ்வழியிலே நடக்க விரும்பிய கிறீன், நியூயோர்க்கிலே வைத்தியக் கல்வி கற்று 1845இல் பட்டம் பெற்றார். அவர்தம் சகோதரருள் ஒருவரான அந்திரு ஹஸ்வெல் கிறீன், பிற்காலத்தில் நியூயோர்க் மாநகரை விரித்தமைத்த பெருமகனாய்ப் புகழெய்தியவர். தம்பி விரும்பியிருப்பின் அந்நகரிலேயே செல்வமும் சிறப்பும் எய்தியிருக்கலாம். அவரோ 1847இல் யாழ்ப்பாணக் கரையை அடைந்து, அடுத்த ஆண்டிலே மானிப்பாயில் மருந்துச்சாலை அமைத்து, மாணவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு வைத்தியம் கற்பிக்கலானார்.

அவர் சமயம் பரப்ப வந்தவரா, நோய் தீர்க்க வந்தவரா என்று வினாவுதல் இயல்பே. தம் நோக்கத்தை அவர் என்றும் மறைத்தவரல்லர். மருந்துச்சாலையிலே காத்திருந்தோர்க்கு வேதாகமம் வாசிக்கப்பட்டது, செபமும் செய்யப்பட்டது. ஆயினும் நோயுற்றோர் சைவராயினும் கிறிஸ்தவராயினும் அவர் கையில் மருந்து ஒன்றே. பேதிநோய் ஊர்களைச் சூறையாடிய காலங்களில் அவரும் அவர் மாணவரும் பின்வாங்கிலர். புண்ணைக் கழுவுதலும் மாணவர்க்கு என்பின் பெயர் உரைத்தலும் அவர்க்கு அன்றாட வழிபாடாயின. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சமயமும் மற்றை நாள்களுக்கு வேறொரு வாழ்வும் என்னும் பிரிவு அவரிடத்தில் இருந்ததில்லை. அடியவர்க்கு இதுவே இலக்கணம் என்பதை எச்சமயத்தாரும் ஒப்புவர்.

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அப்பயிற்சி பெற்றோர் பலர் சம்பளம் தேடி நகரங்களுக்குச் சென்றனர். கிராமத்து நோயாளிக்குத் துணையின்றிப் போயிற்று. வட்டுக்கோட்டைச் செமினரியின் வரலாறும் இதனையே உணர்த்திற்று. 1823இல் தோன்றிய அவ்வுயர்கல்விக் கழகம், ஆங்கிலங் கற்றோர் திருச்சபைப் பணியை விட்டு அரசாங்க உத்தியோகத்தை நாடுகின்றனர் என்னுங் காரணத்தால் 1855இல் மூடப்பட்டது. 1857இல் தாயகஞ் சென்ற கிறீன், 1862இல் மனைவியாரோடு மீண்டு வந்தார். 1864 முதல் வைத்தியக் கல்வியை முற்றிலும் தமிழிலேயே நடத்தத் துணிந்தார்.

துணிவு போதுமோ? நூல்கள் வேண்டுமே! டான்போர்த், போல், சாப்மன், சுவாமிநாதன் முதலாய தம் மாணாக்கர் துணையோடு அவர் பேருழைப்பை மேற்கொண்டார். பிரசவ வைத்தியம் முன்னரே 1857இல் வெளிவந்திருந்தது. 1867இல் இரண வைத்தியமும், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் அச்சேறின. ஆங்கில நாட்டிலே புகழ்பெற்ற கிறேயின் உடற்கூற்று நூலே மனுஷ அங்காதிபாதமாய்த் தமிழுருப் பெற்றது. கலைச்சொல் ஆக்குவதிலும் அவர் ஒரு நெறி வகுத்தார். முதலில் தமிழிலே தேடுக. அங்குக் கிடையாதாயின் வடமொழியை நாடுக. அங்கும் பொருந்துவது இல்லையாயின் ஆங்கிலச் சொல்லைத் தமிழோசைக்கு இசையத் திரித்துக்கொள்க என்பது அது. கெமிஸ்தம் என்னும் பெயர் அவ்வாறு பிறந்ததே. இக்காலத்துச் சொல்லாக்கக் குழுவினர் தேடிக் கண்ட நெறியை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அவர் கைக்கொண்டிருந்தார்.

மாணாக்கர் கால்சட்டையும் மேலங்கியும் அணிந்து துரைமார்போலத் திரிதலை அவர் விரும்பவில்லை. கிறிஸ்துவை ஏற்போன் தன் உடையையும் உணவையும் ஊரையும் துறக்க வேண்டுவதில்லை என்பது அவர் கொள்கை. அவரிடம் பயின்றோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். அவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலே கற்றவர்.

1873இல் அவர் யாழ்ப்பாணத்தை நீங்கினார். தாயகத்திலிருந்தும் மொழிபெயர்ப்புப் பணியை விட்டாரில்லை. கெமிஸ்தம் 1875இல் நாகர்கோவிலில் அச்சிடப்பட்டது. 1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் வூஸ்டரிலே உயிர் நீத்தார். தமிழர்க்கு வைத்தியத் தொண்டராய் இருந்தவர் என்றே தம் கல்லறை தம்மைக் குறிக்க வேண்டுமென்று அவர் விரும்பினார்.

அவர் சென்ற பின்னர் தமிழ்வழி வைத்தியக் கல்வி நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆங்கிலமே உத்தியோகத்துக்கு வாயிலாயிற்று. அவர்தம் நூல்கள் அலுமாரிகளில் உறங்கின. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை உண்டு. அவர் ஆக்கிய தமிழோ வகுப்பறையில் இல்லை. தமிழில் விஞ்ஞானம் உரைக்க இயலுமோ என்று ஐயுறுவோர் இன்றும் உளர். கடல் கடந்து வந்த ஓர் அந்நியர் அவ்வினாவுக்கு விடை எழுதிவைத்துச் சென்று நூற்றைம்பது ஆண்டுகளாகின்றன. அவ்விடையைத் திறந்து படித்தற்குத் தமிழாசிரியராகிய நமக்கு நேரமில்லாது போயிற்றே என்பதே நாணத்துக்குரியது.