அச்சத்தை வென்ற பங்குத்தந்தை: புனித ஜான் மரிய வியான்னி



நம் பங்கின் ஜூபிலி மகிழ்ச்சியில், பங்குக் குருக்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியை நினைவுகூருவது மிகவும் பொருத்தமே. அதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நம்மில் பலர் காலையில் வேலைக்குப் புறப்படும்போது, சாப்பாட்டுப் பாத்திரத்தோடு ஒரு பயத்தையும் சுமந்து செல்கிறோம். மேலதிகாரி என்ன குறை காண்பாரோ, பக்கத்தில் இருப்பவர் நம்மைவிடக் கெட்டிக்காரராயிற்றே, இந்த வேலைக்கு நாம் தகுதிதானா என்ற எண்ணங்கள் நம்மை அரிக்கின்றன. புனிதர்களுக்கு இத்தகைய பயம் இருந்திராது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வியான்னியின் வாழ்வு அதை மறுக்கிறது.

அவர் பிரான்சு நாட்டில், லியோன் நகருக்கு அருகிலுள்ள தர்தியி என்னும் சிற்றூரில் 1786-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். அது புரட்சிக் காலம். குருக்கள் வேட்டையாடப்பட்டனர். 1799-இல் அவர் புதுநன்மை வாங்கியது கோவிலில் அன்று, ஒரு வீட்டினுள். உள்ளே எரியும் மெழுகுதிரியின் வெளிச்சம் தெரியாதபடி சன்னல்களுக்கு வெளியே வைக்கோல் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள்.

குருவாக வேண்டும் என்ற ஆவலோடு ஏறத்தாழ இருபது வயதில் எக்குல்லி பங்குக்குரு பலே அடிகளாரிடம் படிக்கச் சென்றார். ஏர் பிடித்துப் பழகிய அவருக்கு இலத்தீன் ஏறவில்லை. அவரைவிட மிகவும் இளையவனான மத்தியாஸ் லோராஸ் என்ற உடன் மாணவன், அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சலித்துப்போய், ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் அவரை அறைந்துவிட்டான். வியான்னியோ அந்தச் சிறுவன் முன் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார். பிற்காலத்தில் லோராஸ் அமெரிக்காவில் ஆயரானார். இருவரின் நட்பும் நீடித்தது.

1813-இல் லியோன் குருமடத்தில் சேர்ந்தார். அங்கே இலத்தீனில் நடந்த பாடங்களைப் பின்பற்ற முடியாமல் வெளியே அனுப்பப்பட்டார். எல்லாம் முடிந்தது என்று அவர் மனம் உடைந்திருந்த வேளையில், பலே அடிகளார் கைவிடவில்லை. தாமே மீண்டும் கற்பித்தார். அவருக்காக மேலிடத்தில் மன்றாடினார். 1815 ஆகஸ்டு 13-இல் கிரெனோபிள் நகரில் வியான்னி குருப்பட்டம் பெற்றார்.

1818 பிப்ரவரியில் அர்ஸ் என்னும் குக்கிராமத்திற்கு அனுப்பப்பட்டார். அங்கே ஏறக்குறைய 230 பேர்தான் வாழ்ந்தனர். ஞாயிறு பிரசங்கத்தை இரவெல்லாம் விழித்து எழுதி மனப்பாடம் செய்வார்; அப்படியும் சில வேளை பீடத்தில் நின்றபடியே அடுத்த வார்த்தை மறந்துபோகும். ஆயினும் விடியுமுன்பே நற்கருணைப் பேழையின் முன் முழந்தாளிட்டு, தம்மால் ஆகாததை ஆண்டவர் செய்யட்டும் என்று அந்த ஊரை அவரிடம் ஒப்படைப்பார். சில ஆண்டுகளில் ஊர் மாறத் தொடங்கியது. 1824-இல் ஏழைச் சிறுமிகளுக்கு ஒரு பள்ளியையும் தொடங்கினார்.

புகழ் பரவியபோது பயமும் வளர்ந்தது. அவதூறுகள் எழுந்தன. போதிய படிப்பில்லாதவர் என்று அவரைக் குறித்து ஆயருக்கு எழுதப்பட்ட விண்ணப்பம் ஒன்றில், அக்கம்பக்கத்துக் குருக்கள் கையொப்பம் சேகரித்தனர். அது தவறுதலாக அவர் கைக்கே வந்துசேர்ந்தது. அவர் அதைக் கிழிக்கவில்லை. அதில் எழுதியது உண்மை என்று கருதி, தம் கையொப்பத்தையும் இட்டு அனுப்பிவைத்தார். பெல்லே மறைமாவட்ட ஆயர் தெவி, படிப்பு எப்படியிருந்தாலும் இவரிடம் இறை ஒளி இருக்கிறது என்று கண்டுகொண்டார்.

ஆனால் அவரது மனம் அமைதியடைந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். தம் குறைகளை அப்படியே காட்டும்படி அவர் ஒருமுறை இறைவனிடம் வேண்டினார். கண்டது தாங்கமுடியாமல் நம்பிக்கை இழக்கும் நிலைக்கே வந்தார். ஆன்மாக்களுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டுமே என்ற அச்சத்தால், தனிமையில் சென்று செபித்து வாழ விரும்பினார். 1843 செப்டம்பரில் கடும் நோயிலிருந்து எழுந்தவுடன் இரவோடிரவாகப் பிறந்த ஊருக்கே போய்விட்டார். மக்கள் அங்கேயும் தேடி வந்தனர். சில நாட்களில் அவர் திரும்பினார். 1853-இலும் இரவில் புறப்பட்டார். கோவில் மணி அடித்தது. ஊரே திரண்டு வழிமறித்தது. அவர் திரும்பி நடந்து, கோவிலுக்குள் போய்ப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்தார்.

நம்மை மிகவும் தொடுவது இந்த இடந்தான். பயம் அவரை விட்டு நீங்கவில்லை. அவர்தாம் பயத்தோடேயே பணிக்குத் திரும்பினார். தகுதி தம்முடையதன்று, தம்மை அனுப்பியவருடையது என்ற விசுவாசம் அவரைத் தாங்கியது. நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம்கூடப் பாவசங்கீர்த்தனம் கேட்டார். ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் அர்ஸுக்கு வந்தனர். மனம் நொந்து வந்தவர்களை அவர் அறிந்துகொண்டார். ஏனெனில் அந்த நோவு அவருக்குப் புதிதல்ல.

1859 ஆகஸ்டு 4-ஆம் நாள் அதிகாலையில், தமது 73-ஆம் வயதில், ஒரு குழந்தையைப்போல அமைதியாக இறைவனடி சேர்ந்தார். எந்த முடிவுக்கு வாழ்நாளெல்லாம் அஞ்சினாரோ, அது வந்தபோது அச்சம் அவரிடம் இல்லை. 1925-இல் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

ஆகவே, பிரியமானவர்களே, குறையை மறைப்பதால் பயம் பெருகும், ஒப்புக்கொள்வதால் குறையும். நாளை வேலைக்குப் போகுமுன் ஒரு நிமிடம் பேழையை நோக்கி மனத்தைத் திருப்புவோம். நம்மில் மேலதிகாரிகளாகவும் ஆசிரியர்களாகவும் இருப்போர் பலே அடிகளாரை நினைக்கட்டும்; அவர் கைவிட்டிருந்தால் ஒரு புனிதரை உலகம் இழந்திருக்கும். பயந்து ஓடியும் திரும்பி வந்த அந்தப் பங்குத்தந்தை நம் பங்கிற்காகவும், அஞ்சி வாடும் நம் உழைப்பாளர் அனைவருக்காகவும் இறைவனிடம் மன்றாடுவாராக.