பிக் மாமா தோர்ன்டன்

வில்லி மே தோர்ன்டன் (டிசம்பர் 11, 1926 – ஜூலை 25, 1984) என்ற இயற்பெயர் கொண்ட பிக் மாமா தோர்ன்டன் ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கறுப்பினப் பாடகி, பாடலாசிரியர். புளூஸ், ரிதம் அண்ட் புளூஸ் ஆகிய இசை வகைகளில் புகழ் பெற்றவர். எல்விஸ் பிரெஸ்லி பாடி உலகெங்கும் பரவிய ஹவுண்ட் டாக் பாடலை முதன்முதலில் பதிவு செய்தவர் இவரே.

இளமைக்காலம்

தோர்ன்டன் அலபாமா மாநிலத்தில் பிறந்தார். தந்தை பாப்டிஸ்ட் திருச்சபையின் போதகர். தேவாலயத்தில் பாடி வந்த தாயை இளம் வயதிலேயே இழந்த இவர், 14 வயதளவில் வீட்டைவிட்டு வெளியேறி, ஊர் ஊராகச் சென்று நிகழ்ச்சி நடத்தும் கலைக்குழு ஒன்றில் சேர்ந்தார். ஆர்மோனிக்கா, டிரம்ஸ் ஆகிய கருவிகளை எவரிடமும் பயிலாமல் தாமாகவே கற்றுக்கொண்டார். 1948 இல் டெக்சாசு மாநிலத்தின் ஹியூஸ்டன் நகரில் குடியேறினார். 1951 இல் அங்கிருந்த பீகாக் இசைத்தட்டு நிறுவனம் இவரை ஒப்பந்தம் செய்தது. பருத்த உடலும் கனத்த குரலும் கொண்டிருந்ததால் பிக் மாமா என்ற பெயர் நிலைத்தது. ஆண்களின் உடையணிந்து மேடையேறுவதும் இவரது வழக்கம்.

ஹவுண்ட் டாக்

1952 ஆகஸ்ட் 13 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இப்பாடல் பதிவு செய்யப்பட்டது. இதை எழுதிய ஜெரி லீபர், மைக் ஸ்டோலர் இருவரும் அப்போது 19 வயது இளைஞர்கள். தோர்ன்டன் பாடுவதைக் கேட்டபின், அவரது குரலுக்கும் தோற்றத்துக்கும் பொருந்துமாறு இதை எழுதினர். தன் உழைப்பில் உண்டு திரியும் ஆணை வேட்டை நாய்க்கு ஒப்பிட்டு ஒரு பெண் விரட்டுவது பாடலின் பொருளாகும். பீட் லூயிஸ் கிட்டாரும் ஜானி ஓட்டிஸ் டிரம்ஸும் வாசித்தனர்.

1953 இல் வெளியான இசைத்தட்டு, பில்போர்டு இதழின் ரிதம் அண்ட் புளூஸ் வரிசையில் ஏழு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. எனினும் அதற்காகத் தமக்கு 500 டாலர் காசோலை ஒன்று மட்டுமே கிடைத்ததாகத் தோர்ன்டன் பிற்காலத்தில் தெரிவித்தார்.

இப்பாடலைப் பலர் மீண்டும் பாடினர். பிரெட்டி பெல் குழுவினர் வரிகளை மாற்றி, நாயைப் பற்றிய வேடிக்கைப் பாடலாக்கினர். அவ்வடிவத்தைப் பின்பற்றி எல்விஸ் பிரெஸ்லி 1956 ஜூலையில் பதிவு செய்தார். அவரது இசைத்தட்டு அமெரிக்காவில் பதினொரு வாரங்கள் முதலிடம் வகித்தது. ஒரு பாடலை மற்றொருவர் பாடி வெளியிடும்போது உரிமத்தொகை பாடலாசிரியருக்கும் பதிப்புரிமை பெற்றவருக்கும் மட்டுமே சேரும். முன்னர் பாடியவருக்குச் சேராது. எனவே எல்விஸின் வெற்றியில் தோர்ன்டனுக்குப் பங்கு கிடைக்கவில்லை.

பிற்காலம்

1950களின் இறுதியில் புளூஸ் இசைக்கு ஆதரவு குறைந்தது. தோர்ன்டன் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்துக்குச் சென்று சிறு அரங்குகளில் பாடி வந்தார். 1965 இல் ஐரோப்பாவில் இசைப் பயணம் மேற்கொண்டார். அடுத்த ஆண்டு மடி வாட்டர்ஸ் குழுவினருடன் ஓர் இசைத்தொகுப்பைப் பதிவு செய்தார்.

இவர் எழுதிய பால் அண்ட் செயின் என்ற பாடலை, இவரிடம் அனுமதி பெற்று ஜானிஸ் ஜாப்லின் பாடினார். 1967 இல் மான்டரே இசை விழாவில் அவர் இதைப் பாடியது பெரும் புகழ் பெற்றது. அதனால் தோர்ன்டனின் பெயரும் புதிய தலைமுறை இரசிகர்களிடையே அறிமுகமானது.

மறைவும் சிறப்புகளும்

நீண்டகால மதுப்பழக்கத்தால் தோர்ன்டனின் உடல்நலம் சீர்கெட்டது. பருத்த உடல் மிகவும் மெலிந்தது. இதய, கல்லீரல் நோய்களால் 1984 இல் தமது 57ஆம் வயதில் லாஸ் ஏஞ்சலசில் காலமானார்.

அதே ஆண்டில் புளூஸ் புகழரங்கில் இவரது பெயர் சேர்க்கப்பட்டது. ஹவுண்ட் டாக் பாடலின் எல்விஸ் பதிவு 1988 இல் கிராமி புகழரங்கில் இடம்பெற்றது. தோர்ன்டனின் மூலப்பதிவு 2013 இலேயே அவ்விடத்தைப் பெற்றது. 2024 இல் ராக் அண்ட் ரோல் புகழரங்கிலும் இவர் சேர்க்கப்பட்டார்.