தப்பு செஞ்சவங்க கிட்டயே சர்வே எடுக்க முடியுமா? ஆல்ஃப்ரெட் கின்ஸியின் கதை

பொள்ளாச்சி பாலியல் வழக்கில் 9 பேருக்கு சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்து, 2025 மே 13-ம் தேதி கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பொள்ளாச்சியோ, பக்கத்தில் இருக்கும் உடுமலைப்பேட்டையோ, எந்த ஊரா இருந்தாலும் போலீஸ் கணக்கில் வருவது புகாரான வழக்குகள் மட்டும்தான். மாட்டாதவங்க எத்தனை பேர்? அதை அவங்க கிட்டயே கேட்டா சொல்வாங்களா? அந்தரங்க விஷயங்களை ஆயிரக்கணக்கானோரிடம் கேட்டுப் பார்த்த ஒருவரின் வாழ்க்கையில் இதற்குப் பதில் இருக்கு.

யார் இந்த கின்ஸி?

1894-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர். இண்டியானா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர். லட்சக்கணக்கில் குளவிகளைச் சேகரித்து ஆராய்ந்தவர், 1938-ல் மனிதர்களின் பாலியல் வாழ்க்கை பக்கம் திரும்பினார்.

எப்படிக் கேட்டார்?

பதில்களைச் சங்கேதக் குறிகளில் எழுதினார். யார் சொன்னது என்பதை ரகசியமாக வைத்தார். செய்தது உண்டா என்று கேட்காமல், முதல் தடவை எப்போது என்றே கேட்டார். இதனால் மறைப்பது கஷ்டமானது, சொல்வது சுலபமானது. சுமார் 5,300 ஆண்களின் தகவலோடு 1948-ல் வந்த புத்தகம் உலகையே பரபரப்பாக்கியது.

எங்கே சறுக்கினார்?

தானாக முன்வந்தவர்களும் சிறைக் கைதிகளும் அதிகம் இருந்ததால், அது எல்லா ஆண்களுக்குமான கணக்கு இல்லை என்று 1954-ல் புள்ளியியல் நிபுணர்கள் சுட்டிக்காட்டினர். அதைவிடப் பெரிய குற்றச்சாட்டு ஒன்று உண்டு. சிறுவர்களிடம் அத்துமீறிய ஆளின் குறிப்புகளை ஆய்வுத் தகவலாகச் சேர்த்தார், போலீஸிடம் போகவில்லை. ரகசியம் காப்பதா, குழந்தைகளைக் காப்பதா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. கின்ஸி 1956-ல், 62 வயதில் காலமானார்.

இப்போ எப்படி எடுக்கறாங்க?

இலங்கை உட்பட ஆசிய பசிபிக்கின் 6 நாடுகளில் 10,000-க்கும் அதிகமான ஆண்களிடம் ஐ.நா. அமைப்புகள் எடுத்த ஆய்வு 2013-ல் வெளியானது. வீடுகள் குலுக்கல் முறையில் தேர்வாகின. பலாத்காரம் என்ற வார்த்தையே கேள்வியில் இல்லை. சம்மதம் இல்லாமல் உறவு கொண்டது உண்டா என்று செயலை மட்டும் கேட்டார்கள். மிக அந்தரங்கமான கேள்விகளுக்குக் கையடக்கக் கருவியில் தாங்களே பதிலைப் பதியும் வசதி இருந்தது. கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் செய்ததாக ஒப்புக்கொண்டார். அவர்களில் பெரும்பாலானோர் எந்தத் தண்டனையும் பெறவில்லை.

கேட்கும் விதத்தில் கேட்டா சொல்வாங்க என்பது கின்ஸி காட்டிய வழி. யாரிடம் கேட்கணும், கேட்ட பிறகு என்ன செய்யணும் என்பது அவர் சறுக்கிய இடத்தில் கிடைத்த பாடம்.